வீட்டு ஒர்க்‌ஷாப்புக்கு செமி இண்டஸ்ட்ரியல் ஜிக்ஜாக் மெஷின்: சிங்கர் 20யூ வாங்கலாமா, வேற எதாச்சும் பாக்கலாமா?

காட்பாடி_தையலறை:
எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில வீட்லயே மாடி ரூம்ல தைக்கிறேன், பத்துக்குப் பன்னெண்டு ரூம். இப்போதைக்கு நேர் தையல் மட்டும் போடுற டெய்லர் மாடல் மெஷின் ஒண்ணு இருக்கு, மோட்டார் போட்டது. இன்னொண்ணு வீட்டு உபயோக ஜிக்ஜாக், அதாவது நெளிவுத் தையல் மெஷின், பிளாஸ்டிக் பாடி, 5 மில்லிமீட்டர் அகலம் வரைக்கும் போகும். பிளவுஸ் நைட்டின்னு இருந்த வரைக்கும் இது ரெண்டே போதும்னு இருந்துச்சு. இப்ப வேலூர்ல ஆஸ்பத்திரிக்கு வெளியூர்ல இருந்து வர்றவங்க தங்குற லாட்ஜுங்கள்ல இருந்து மெத்தை கவர் ஆர்டர் வருது, காட்டன்ல சுத்தி எலாஸ்டிக் வெச்சு ஒரு வகை, ரெக்சின்ல ஒரு வகை. கூடவே கேன்வாஸ் பை, ஸ்கூல் பேக் ஜிப் மாத்துறது, அக்கம்பக்கத்துல சேலைக்கு ஃபால்ஸ் பீக்கோ. ரெக்சின் ரெண்டு மடிப்பு வந்தாலே சின்ன மெஷின் திணறுது, மோட்டார் மேல கை வைக்க முடியல அவ்ளோ சூடு, மூலை திரும்புற இடத்துல தையல் விட்டு விட்டு விழுது.

கேட்ட இடத்துல எல்லாம் ஒருத்தர் சிங்கர் 20யூன்றாங்க, ஒருத்தர் சிங்கர் 457ன்றாங்க, வீடியோ பாத்தா சேல்ரைட்னு ஒரு அமெரிக்க மெஷின் காட்டுறாங்க. வீட்டு கரண்ட் தான், சிங்கிள் பேஸ். பக்கத்து போர்ஷன்ல கைக்குழந்தை இருக்கு, அதனால சத்தத்தையும் பாக்கணும். ஒரே மெஷின்ல எல்லாத்தையும் முடிக்க முடியுமா, அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

ராணிப்பேட்டை_மெக்கானிக்:
அக்கா, மெஷின் பேரை அப்புறம் பாப்போம். உங்க வேலையில எது ஜாஸ்தி, எலாஸ்டிக்கா ரெக்சினா பீக்கோவா? நூல் என்ன நம்பர் போடுறீங்க? ரெக்சின் வெறும் துணி ஒட்டினதா, ஃபோம் வெச்சதா? நீங்க தைக்கிறதுலயே ரொம்ப மெல்லிசு எது, ரொம்ப தடிமன் எது? இந்த ரெண்டு முனையும் தெரிஞ்சாதான் நடுவுல எந்த மெஷின் நிக்கும்னு சொல்ல முடியும்.

காட்பாடி_தையலறை:
எலாஸ்டிக் கவர் தான் பாதி. ரெக்சின் கால்வாசி, மீதி எல்லாம் சேர்ந்து ஒரு கால்வாசி. காட்டனுக்கு 120ம் நம்பர் நூல் (நம்பர் குறையக் குறைய நூல் தடிமன்). ரெக்சினுக்குன்னு 40ம் நம்பர் வாங்கி வெச்சேன் ஆனா சின்ன மெஷின்ல அது டென்ஷனே புடிக்க மாட்டேங்குது, 60 போட்டு ஓட்டுறேன். மெல்லிசுன்னா ஜார்ஜெட் சேலை பீக்கோ. தடிமன்னா ரெக்சின் நாலு மடிப்பு, அதுவும் மூலையில மட்டும், ஃபோம் கிடையாது.

குடியாத்தம்_பீக்கோ:
20யூ வாங்கும்மா, யோசிக்கவே வேணாம். நான் பீக்கோ எம்பிராய்டரி ரெண்டும் அதுலதான் பண்ணிக்கினு இருக்கேன், எங்க தெருவுலயே அந்த மாதிரி மெஷின் நாலு வீட்ல ஓடிக்கினு கீது. நெளிவு அகலத்தை லீவர்ல கூட்டிக் குறைச்சுக்கலாம், துணியை நகர்த்துற பல்லை இறக்கி விட்டு ஃபிரேம் போட்டா பூ வேலையும் ஆவும். இருக்கிற மெஷினுக்கு பார்ட்ஸ் கெடைக்குதான்றதுதான் முதல் கேள்வி, 20யூவுக்கு கொக்கி, பாபின் கேஸ், பிளேட்டு எல்லாம் லாங்கு பஜார்லயே கேட்டு வாங்கிடலாம். இத்த விட்டுட்டு வெளிநாட்டு மெஷின் வாங்கிட்டு ஒரு ஸ்பிரிங்குக்கு மாசக்கணக்குல காத்துக்கினு இருக்கணுமா.

ஆம்பூர்_அப்பர்:
அக்கா சொல்றது பீக்கோவுக்கு சரி. ரெக்சினுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். நான் ஷூ அப்பர் குளோசிங்ல, அதாவது ஷூவோட மேல்பாகத்தை தைச்சு சேக்குற வேலையில தான் இருக்கேன், எங்ககிட்ட ஜிக்ஜாக் எதுக்குன்னா ஷூவோட பின்பக்கத் தையலுக்கு, ரெண்டு துண்டை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம விளிம்போட விளிம்பு ஒட்டி வெச்சு நடுவுல ஜிக்ஜாக் ஓட்டுவோம், அப்போ குதிகால் கிட்ட மேடு வராது, காலைக் கடிக்காது. அந்த ஒரு வேலைக்கு அத விட்டா வேற வழியில்ல. ஆனா மீதி நீளத் தையல் எல்லாமே ஸ்ட்ரெயிட் தான், அதுவும் தூண் மாதிரி உயர்ந்த போஸ்ட் பெட் மெஷின்ல, ரோலர் புட்டோட (புட்டுன்னா துணியை மேலருந்து அழுத்துற கால்).

ரெக்சின் மெத்தை கவருக்கு ஜிக்ஜாக் எதுக்குன்னு எனக்குப் புரியல. துணியில ஊசி போன ஓட்டை நூலிழை நகர்ந்து மூடிக்கும், ரெக்சின்ல விழுந்த ஓட்டை விழுந்ததுதான். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க படுக்கிற மெத்தைன்னா தண்ணி உள்ள போகாம இருக்கத்தானே ரெக்சினே போடுறாங்க, அதுல ஓட்டையை எவ்ளோ கம்மி பண்றோமோ அவ்ளோ நல்லது. ஸ்ட்ரெயிட் தையல், நீளம் 3.5ல இருந்து 4 மில்லி. அதுக்கும் கீழ நெருக்கி அடிச்சீங்கன்னா தபால் தலை கிழிக்கிற கோடு மாதிரி ஆயிடும், ரெண்டு தடவை மெத்தையில மாட்டி இழுத்தா அந்த கோட்டுலயே கிழியும்.

வாலாஜா_தம்பி:
ஆம்பூர் அண்ணா சொன்னதை ஏத்துக்கிறேன், ஆனா எலாஸ்டிக்குக்கு ஜிக்ஜாக் கண்டிப்பா வேணும், அது ஏன்னு ஒரு சின்னக் கணக்கு. அகலம் 5 மில்லி, நீளம் 2.5 மில்லி வெச்சீங்கன்னா ஊசி ஒவ்வொரு தடவை இறங்குறதுக்கும் துணி 2.5 மில்லி நகருது ஆனா நூல் குறுக்கால போறதால 5.6 மில்லி ஆகுது. அதாவது துணியோட நீளத்தை விட நூல் ரெண்டு மடங்குக்கு மேல படுத்திருக்கு. எலாஸ்டிக்கை இழுக்கும்போது அந்த நெளிவு நிமிர்ந்து குடுக்கும், அறுந்து போகாது. படகுப் பாய் தைக்கிறவங்களும் இதுக்குத்தான் ஜிக்ஜாக் போடுறாங்க, காத்து அடிச்சு துணி இழுபடும்போது நேர் தையல் நூல் பட்டுனு தெறிச்சிடும். சேல்ரைட் கம்பெனியே படகுப் பாய் தைக்கிறவங்களை வெச்சு வளர்ந்ததுதான்.

இதுல இன்னொண்ணு, நூல் ரெண்டு மடங்குன்னா பாபினும் அதே வேகத்துல காலியாகும். நாள் முழுக்க எலாஸ்டிக் அடிக்கிறவங்க பாபின் சைஸையும் பாத்து வாங்கணும், பெரிய மெத்தை சுத்தி வரும்போது நடுவுல பாபின் தீர்ந்தா எரிச்சல்.

ஆரணி_பட்டு:
ஒரு சந்தேகம். எலாஸ்டிக்கை துணி மடிப்புக்குள்ள கோத்துட்டா நேர் தையலே போதுமே, இதுக்குன்னு தனியா ஒரு மெஷின் வாங்கணுமா? நைட்டி பாவாடைக்கு எல்லாம் அப்படித்தானே பண்றோம்.

காட்பாடி_தையலறை:
ஆரம்பத்துல அப்படித்தான் குடுத்தேன் சிஸ்டர். லாட்ஜ்ல ஆள் மாறும்போதெல்லாம் கவரைத் துவைக்கிறாங்க, கஞ்சி போடுற மாதிரி சோடா கலந்து வெந்நீர்ல முக்கி எடுக்குறாங்க, மடிப்புக்குள்ள எலாஸ்டிக் முறுக்கிக்குது. அப்புறம் மாட்டும்போது ஒரு மூலை தூக்கிக்கிட்டு நிக்குது. துணி மேலயே வெச்சு ஜிக்ஜாக் அடிச்சா முறுக்காது, கோக்குற நேரமும் மிச்சம். அதனால அது வேணும்தான்.

ராணிப்பேட்டை_மெக்கானிக்:
சரி இப்ப எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க.

எல்லாரும் ஜிக்ஜாக் மெஷின்னா அகலம் எத்தனை மில்லின்னு தான் முதல்ல கேக்குறாங்க. வீட்டு மெஷின்ல 5, 6, 7 மில்லி, 20யூவுல மாடலைப் பொறுத்து 9, 12 மில்லி வரைக்கும் போகும். ஆனா அகலம் ஏற ஏற மெஷினுக்கு வேலை கஷ்டம். எப்படின்னா ஜிக்ஜாக்ல ஊசி ஒரு வாட்டி இடது பக்கம் இறங்குது ஒரு வாட்டி வலது பக்கம் இறங்குது, கீழ நூலைப் புடிக்கிற கொக்கி சுத்துறது மட்டும் ஒரே சீராத்தான் சுத்துது. அப்போ ஒரு பக்கம் கொக்கி முனை ஊசிகிட்ட கொஞ்சம் சீக்கிரம் வந்து சேரும், அங்க நூல் வளையம் முழுசா விரிஞ்சிருக்காது. இன்னொரு பக்கம் லேட்டா வரும், அங்க ஊசி அதிகமா மேல ஏறியிருக்கும், காது கொக்கி முனைக்கிட்டயே வந்திருக்கும். நடுவுல வெச்சு டைமிங் பண்ணிதான் ரெண்டையும் சமாளிக்கிறோம். அகலம் கூடக் கூட அந்த ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் கூடும், தப்பு பண்ண இடமே இருக்காது. ஒரு பக்கம் மட்டும் தையல் விடுதுன்னா காரணம் முக்காவாசி இங்கதான். அக்காவோட சின்ன மெஷின்ல மூலையில தையல் விடுறதுக்கு தடிமன்ல ஊசி வளையுறதும் சேர்ந்து காரணமா இருக்கும், வளைஞ்ச ஊசி கொக்கியை விட்டு விலகிடும். 40ம் நம்பர் நூலுக்கு 110ம் நம்பர் ஊசி வேணும், இன்னொரு கணக்குல அது 18, அதுல மெலிசான 90 போட்டு ஓட்டினா எந்த மெஷினும் மக்கர் பண்ணும்.

அடுத்தது துணியை நகர்த்துறது. ஜிக்ஜாக் மெஷின்ல ஊசி ரெண்டு பக்கமும் ஆடணும்ங்கிறதால பிளேட்டுல ஓட்டை நீளமா இருக்கும், நடுவுல பல் வெக்க முடியாது, ரெண்டு பக்கமும் தள்ளித்தான் இருக்கும், புட்டுலயும் நடுவுல பெரிய இடைவெளி. துணியை ஊசிக்குப் பக்கத்துல இறுக்கிப் புடிக்க ஒண்ணுமே இல்ல. காட்டன், கேன்வாஸ், எலாஸ்டிக் இதுக்கெல்லாம் பிரச்சனை இல்ல. ரெக்சின் வழவழப்பு பக்கம் மேல வந்தா புட்டு ஒட்டிக்கும், கீழ்த்துணி போகும் மேல்துணி நிக்கும், ரெண்டு மீட்டர் தைச்சு முடிக்கும்போது மேல் துண்டு கொஞ்சம் மிஞ்சி நிக்கும். 20யூ இரும்பு மெஷின்தான், ஊசி இறங்குற பலம் இருக்கு, ஆனா இந்த நகர்த்துற விஷயத்துல அதுவும் மேலருந்து அழுத்துற சாதா புட்டுதான். அதனால ஆம்பூர் அண்ணன் சொன்னதுல நியாயம் இருக்கு.

மூணாவது எண்ணெய். 457, அப்புறம் ஜூக்கி கம்பெனியோட பெரிய ஜிக்ஜாக் எல்லாம் கம்பெனி லைன்ல நாள் பூரா வேகமா ஓடுறதுக்குன்னே செஞ்சது. கீழ தொட்டியில எண்ணெய் வெச்சு பம்ப்ல ஏத்துற மெஷின் எதுவா இருந்தாலும் மெதுவா ஓட்டினீங்கன்னா எண்ணெய் மேல வரைக்கும் சரியா ஏறாது. வீட்ல நீங்க அப்படி வேகமா ஓட்டவும் மாட்டீங்க, ஓட்டினா கையில புடிக்கவும் முடியாது. 20யூ நிமிஷத்துக்கு 2000 தையல் கணக்குல போற மெஷின், கையால எண்ணெய் விடுறது, காலையில ஒரு தடவை ஓட்டை ஓட்டையா ரெண்டு சொட்டு விட்டா போதும். வீட்டுக்கு எண்ணெய் கையால விடுற மெஷின்தான் சரி.

குடியாத்தம்_பீக்கோ:
தம்பி சொன்ன எண்ணெய் விஷயம் ரொம்ப முக்கியம். ஒண்ணு சேத்துக்கோங்க, எண்ணெய் விட்டதும் முதல்ல வேஸ்ட் துணியில ஓட்டிட்டு அப்புறம்தான் சேலை மேல வெக்கணும். வெள்ளை ஜார்ஜெட்ல ஒரு சொட்டு விழுந்தா கஸ்டமருக்கு இன்னா பதில் சொல்றது.

வாலாஜா_தம்பி:
அப்போ நடக்குற புட்டு இருக்கிற ஜிக்ஜாக் தானே இதுக்கு பதில்? சேல்ரைட் எல்எஸ்இசட்-1 அப்படிப்பட்டதுதான், மேல புட்டும் நடக்கும் கீழ பல்லும் நகரும், ரெண்டும் சேர்ந்து இழுக்கிறதால ரெக்சின், தார்ப்பாய் எல்லாம் மேல கீழ ஒண்ணாவே போகும். நேர் தையல் நீளம் 6 மில்லி, ஜிக்ஜாக் அகலம் 5 மில்லி. தூக்கிட்டு போற மாதிரி பெட்டி மெஷின், டேபிளே வேணாம், 220 வோல்ட்லயும் வருது. அதே அச்சுல சீனாவுல செஞ்சதும் வேற வேற பேர்ல விக்குது.

ஆம்பூர்_அப்பர்:
தம்பி அத அமெரிக்காவுல இருந்து வரவழைச்சா கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்து லட்சத்த தாண்டிடும். லாட்ஜ் கவர் தைச்சு அத எப்போ எடுக்கிறது. அந்த மெஷின் படகுல வெச்சு தைக்கிறவங்களுக்கு, எங்கயோ துறைமுகத்துல நிக்கிறப்போ பாய் கிழிஞ்சா அங்கேயே தைக்கிறதுக்கு. காட்பாடியில படகு எதுக்கு ஓடுது. பீக்கோவுக்கும் அது ஆகாது, நடக்குற புட்டுல ஜார்ஜெட்ட வெச்சா துணி மேல தடம் விழும்.

வாலாஜா_தம்பி:
விலை விஷயத்துல நீங்க சொல்றது சரிதான் அண்ணா. அக்காவுக்கு வாங்கச் சொல்லல, அப்படி ஒரு வகை இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு தான். அச்சு எடுத்து செஞ்சதை வாங்குறதா இருந்தா மோட்டாரைத்தான் பாக்கணும், அந்த சின்ன மோட்டார் மெதுவா ஓட்டும்போது பலமே இல்லாம நிக்குது, சக்கரம் கனமா இருக்கிறதா பாத்து வாங்கினா கொஞ்சம் தேவலாம்.

இன்னொரு கேள்வி எல்லாருக்கும். சிங்கர் ஹெவி ட்யூட்டி 4423ன்னு ஒண்ணு ஆன்லைன்ல எல்லாரும் வாங்குறாங்களே, நிமிஷத்துக்கு 1100 தையல், 6 மில்லி அகலம், உள்ள இரும்பு சட்டம். அதை செமி இண்டஸ்ட்ரியல்னு சொல்லலாமா?

ராணிப்பேட்டை_மெக்கானிக்:
சொல்ல முடியாது தம்பி. வீட்டு மெஷின்ல நல்ல மெஷின், ஜீன்ஸ் பேன்ட் மடிக்கிறதுக்கு, கேன்வாஸ் பை ஒண்ணு ரெண்டுக்கு தாராளமா தாங்கும். ஆனா மோட்டார் உள்ளயே இருக்கிற சின்ன மோட்டார்தான், அத மணிக்கணக்குல ரெக்சின்ல வெச்சா சூடாகும், வேலூர் மே மாச வெயில்ல மாடி ரூம்ல சொல்லவே வேணாம். செமி இண்டஸ்ட்ரியல்னு நான் சொல்றது மோட்டார் டேபிளுக்கு கீழ தனியா தொங்குறதுக்குத்தான். மோட்டார் போச்சுன்னா மோட்டாரை மட்டும் மாத்தலாம், ஹெட்டு, அதாவது மேல தைக்கிற பாகம் போச்சுன்னா அதை மட்டும் இறக்கலாம்.

மோட்டாரைப் பத்தி அக்கா சத்தம்னு கேட்டாங்க இல்ல, அதுக்கு வர்றேன். பழைய கிளட்ச் மோட்டார் வேணாம். சுவிட்ச் போட்டதும் ஊய்னு சுத்த ஆரம்பிச்சா நீங்க தைக்கிறீங்களோ இல்லையோ அது சுத்திக்கிட்டே தான் இருக்கும், கரண்டும் போகும் சத்தமும் ஓயாது. சர்வோ மோட்டார் மிதிச்சா மட்டும்தான் சுத்தும். 550 வாட் போதும் உங்களுக்கு. அதிகபட்ச வேகத்தை அதுலயே குறைச்சு வெச்சுக்கலாம், மூலை வரும்போது ஒவ்வொரு தையலா நகர்த்தலாம், ரெக்சினுக்கு அந்த கன்ட்ரோல் தான் உயிர்.

ஏற்கனவே கிளட்ச் மோட்டாரோட தான் மெஷின் கிடைக்குதுன்னா பெல்ட் ஓடுற புல்லியை மாத்துங்க. மோட்டார்ல நிமிஷத்துக்கு 1440 சுத்து, 2880 சுத்துன்னு ரெண்டு வேகம் வரும். 1440 மோட்டார்ல 60 மில்லி புல்லி, ஹெட்டுல 80 மில்லி சக்கரம்னா நிமிஷத்துக்கு 1080 தையல். அதே 2880 மோட்டார்னா 50 மில்லி புல்லி போட்டாலும் 1800 ஓடும், வீட்ல பழகுறவங்களுக்கு அது ஜாஸ்தி. வாங்கும்போது மோட்டார் தகட்டைப் பாத்துடுங்க.

எர்த் கட்டாயம் வேணும். சர்வோ உள்ள எலக்ட்ரானிக் போர்டு இருக்கு, ஏசி எல்லாம் ஓடுற நேரத்துல வோல்டேஜ் ஏறி இறங்குற தெருன்னா ஸ்டெபிலைசர் ஒண்ணு வெச்சிடுங்க.

ஆரணி_பட்டு:
பட்டு பிளவுஸ் தைக்கிறவ சார்புல ஒண்ணு. 20யூ வாங்கினதும் பழைய டெய்லர் மாடலை வித்துடாதீங்க. மெக்கானிக் அண்ணா சொன்ன அந்த நீளமான ஓட்டை இருக்கே, மெல்லிசு துணியில நேர் தையல் ஆரம்பிக்கும்போது அந்த ஓட்டைக்குள்ள துணியையே இழுத்து முழுங்கிடும். நேர் தையலுக்குன்னு சின்ன ஓட்டை பிளேட்டு தனியா கிடைக்குது, மாத்தி மாட்டலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் ஸ்குரூ கழட்டி மாட்டிக்கிட்டு இருக்க யாருக்கு நேரம். சின்ன பிளேட்டு மாட்டியிருக்கும்போது ஞாபகமில்லாம ஜிக்ஜாக்ல மிதிச்சா ஊசி பிளேட்டுல அடிச்சு உடைஞ்சு கண்ணுகிட்ட தெறிக்கும், அது வேற பயம். நேர் தையலுக்கு நேர் மெஷின், நெளிவுக்கு நெளிவு மெஷின்னு ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், ஜிக்ஜாக்னா அலங்காரத்துக்குன்னு நம்ம பக்கம் நிறைய பேர் நினைக்கிறாங்க. ஹெலன் பிளாஞ்சர்ட்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி 1873ல ஜிக்ஜாக் மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினாங்க, விளிம்பு பிரியாம தையல் உறுதியா நிக்கணும்னு தான் அது. நம்ம பீக்கோவும் அதே வேலையைத்தானே செய்யுது.

மேல்விஷாரம்_பை_கடை:
எல்லாம் புது மெஷின் கணக்கு பேசுறீங்க. நம்ம பக்கம் மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முழுக்க தோல் வேலை, ஷூ வேலை. கம்பெனியில மெஷின் மாத்தும்போது பழசு லாட்டா வெளிய வருது. பார்த்து எடுத்தா நல்ல ஜெர்மன் ஜிக்ஜாக் கூட கிடைக்கும், பாஃப் 138 மாதிரி, அந்தக் காலத்து இரும்பு. ஆனா பாத்து எடுக்கணும், நான் பாக்குற முறையைச் சொல்றேன்.

அகலத்தை பூஜ்யத்துல வெச்சு கையால சக்கரத்தைச் சுத்தணும். ஊசி பக்கவாட்டுல துளி கூட ஆடக் கூடாது. ஆடுதுன்னா உள்ள தேய்ஞ்சு போச்சு, நேர் தையலே பாம்பு மாதிரி போகும். அப்புறம் அகலத்தை முழுசா வெச்சு மெதுவா சுத்தி ரெண்டு பக்கமும் ஊசி பிளேட்டு ஓட்டையில உரசாம இறங்குதான்னு பாக்கணும். ஊசிக் கம்பியைக் கையால புடிச்சு முன்ன பின்ன அசைச்சுப் பாருங்க. கொக்கி முனையில நகத்தை வெச்சு தடவுங்க, சொரசொரப்பா இருந்தா நூலை அறுக்கும். லீவரை ஒரு இடத்துல வெச்சு அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு திரும்பப் பாருங்க, அதிர்வுல நகர்ந்து வேற அகலத்துக்கு போயிருந்தா விட்டுடுங்க. பெயின்ட் பளபளன்னு இருக்கிறதைப் பாத்து ஏமாறாதீங்க, தேய்ஞ்ச மெஷினுக்குத்தான் புது பெயின்ட் அடிக்கிறாங்க.

ஊசி எந்த வகைன்னும் கேளுங்க. வீட்டு மெஷின் ஊசி ஒரு பக்கம் தட்டையா இருக்கும், கம்பெனி ஊசியெல்லாம் உருண்டை. அதுலயே கம்பெனி நேர் தையல் பவர் மெஷினுக்கு டிபிஎக்ஸ்1, வேற மெஷின்களுக்கு டிபிஎக்ஸ்5ன்னு வரும், முதல் வகை மெலிசு தண்டு, ரெண்டாவது வகை கொஞ்சம் தடி தண்டு. ஒண்ணுக்கு பதில் இன்னொண்ணு போட்டா சரியா உக்காராது. கடையில ஊசி சும்மா கிடைக்கிற வகையா இருக்கணும், இல்லன்னா ஜெர்மன் மெஷின் மூலையில தான் நிக்கும்.

காட்பாடி_தையலறை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. உங்க பேச்சை வெச்சு ஒரு பையில என் துணி எல்லாத்தையும் போட்டு எடுத்துட்டு கடைக்குப் போய் பாத்துட்டு வந்தேன்: மெத்தை காட்டன், 8 மில்லி எலாஸ்டிக், ரெக்சின் நாலு மடிப்பு தைச்ச ஒரு மூலை, ஜார்ஜெட் துண்டு, என் நூல், என் ஊசி. கடைக்காரர் அவர் துணியில தைச்சுக் காட்டினாரு அழகா போச்சு, என் துணியை வெச்சதும் தான் வித்தியாசம் தெரிஞ்சுது.

20யூ அச்சுல வர்ற மெஷின், சர்வோ மோட்டாரோட. எலாஸ்டிக் சூப்பர், கண்ணை மூடிக்கிட்டு தைக்கலாம் போல, 6 மில்லி அகலத்துல வெச்சப்போ எலாஸ்டிக்கோட ரெண்டு விளிம்புக்கும் உள்ளாறவே தையல் விழுந்துச்சு. கேன்வாஸ் நாலு மடிப்பு பிரச்சனையே இல்ல. ஜார்ஜெட் பீக்கோ புட்டு மாத்தினதும் நல்லா வந்துச்சு, ஆனா துணி முனையில ஆரம்பிக்கும்போது நூல் ரெண்டையும் பின்னாடி இழுத்துப் புடிக்கணும். ரெக்சின் மேல மட்டும் அண்ணங்க சொன்ன மாதிரியே, நேர் தையல்ல ஒரு மீட்டருக்கு மேல்துண்டு விரல் அகலம் மிஞ்சுச்சு. மூலை நாலு மடிப்புல ஊசி இறங்குச்சு, தையல் விடல. அப்புறம் அதே கடையில 457 ஓட்டிப் பாத்தேன், வேகம் எனக்கு ஒத்து வரல, சத்தமும் ஜாஸ்தி.

அதனால 20யூ எடுக்கலாம்னு இருக்கேன். ரெக்சினுக்கு என்ன வழின்னு மட்டும் சொல்லுங்க, மூணாவது மெஷினுக்கு இப்ப வசதியும் இல்ல இடமும் இல்ல.

ஆம்பூர்_அப்பர்:
மூணாவது மெஷின் வேணாம். உங்க டெய்லர் மாடலுக்கு ரோலர் புட்டு வாங்கி மாட்டுங்க, இல்லன்னா டெஃப்லான் புட்டு, ரெண்டுமே சின்ன காசுதான். ரோலர்னா ரெக்சின் மேல உருண்டு போகும், ஒட்டாது. புட்டு அழுத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. விளிம்புல ரப்பர் சொல்யூஷன் லேசா தடவி ரெண்டு துண்டையும் ஒட்டிட்டு தைச்சீங்கன்னா மேல்துண்டு நகர வழியே இல்ல, அப்பர்ல நாங்க தைக்கிறதே ஒட்டிட்டுத்தான். குண்டூசி மட்டும் குத்தாதீங்க, அந்த ஓட்டையும் நிரந்தரமா இருக்கும். கிளிப் போடுங்க. நாலு மடிப்பு வர்ற மூலையை மட்டும் 20யூவுல, அகலம் பூஜ்யத்துல வெச்சு, சர்வோவை மெதுவாக்கி அடிச்சிடுங்க.

ராணிப்பேட்டை_மெக்கானிக்:
இது நல்ல யோசனை. டெய்லர் மாடல்ல 40ம் நம்பர் நூல் ஓட்டணும்னா பாபின் கேஸ் ஸ்பிரிங்கை அதுக்கு ஏத்த மாதிரி தளர்த்தணும், அப்புறம் 120 போடும்போது திரும்ப இறுக்கணும். அதுக்கு பதிலா பாபின் கேஸ் ரெண்டு வெச்சுக்குங்க, ஒண்ணு தடி நூலுக்கு ஒண்ணு மெல்லிசுக்கு, நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வெச்சு அடையாளம் பண்ணிக்குங்க. 20யூவுக்கும் அதே மாதிரி ரெண்டு.

டேபிள் 4 அடி நீளம் வரும், உங்க மாடிப்படி திரும்புற இடத்தை அளந்துட்டு ஆர்டர் குடுங்க. ஹெட்டைத் தனியா இறக்கி ரெண்டு பேர் தூக்கிட்டு போகணும், டேபிளோட சேர்த்து சாய்ச்சா கீல் உடையும். கால் நாலுக்கும் கீழ தடிமனான ரப்பர் வெச்சிடுங்க, சர்வோவுல சத்தம் கம்மி தான் ஆனா அதிர்வு தரை வழியா கீழ் வீட்டுக்குப் போகும். மெஷினை சுவத்தோட ஒட்டிப் போடாதீங்க, மெத்தை கவர் விழுறதுக்கு இடது பக்கமும் பின்னாடியும் இடம் வேணும், துணியோட கனம் தொங்கினா அதுவே இழுத்து தையலைக் கோணலாக்கும்.

குடியாத்தம்_பீக்கோ:
வாங்கும்போது பீக்கோ புட்டு, எம்பிராய்டரிக்கு ஃபிரேம், சின்ன ஓட்டை பிளேட்டு மூணையும் கூடவே கேட்டு வாங்கிடு கண்ணு. காசு குடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டா சேத்துக் குடுத்துருவாங்க, அப்புறம் போனா தனித்தனியா காசு.

காட்பாடி_தையலறை:
அக்கா நேத்தே பேசிட்டேன், பீக்கோ புட்டும் பிளேட்டும் சேத்துக் குடுக்கிறேன்னாரு, ஃபிரேம் தனியா. மாடிப்படி அளந்து பாத்தோம், டேபிள் நிமிர்த்தி எடுத்தா வரும். ரோலர் புட்டுக்கு எங்க டெய்லர் மாடல்ல ஸ்குரூ உயரம் சரியா வருமா அண்ணா, அது புட்டு மாட்டுற தண்டு குட்டையா இருக்கிற மெஷின்?

ஆம்பூர்_அப்பர்:
குட்டைத் தண்டுக்குன்னே தனியா ரோலர் வருது, பவர் மெஷினுக்கு வர்றது உயரம் ஜாஸ்தி அது வேணாம். இப்ப இருக்கிற புட்டைக் கழட்டி கையோட எடுத்துட்டுப் போங்க, கடையில பக்கத்துல வெச்சு உயரம் பாத்து வாங்கிடுங்க.